ஆறாவது பாடம் வராத மிட்டாய்க்கடை

மந்திரவாதி என்றதும் மண்டையோடும் மயில்தோகையுமாக யாராவது உங்கள் மனதில் வந்து நின்றால் தயவுசெய்து அவரை உடனே வெளியே அனுப்பிவிடுங்கள், ஏனென்றால் எங்கள் நாலுவாசல்குளத்து மந்திரவாதி அருஞ்சுனை அண்ணாச்சி, பஸ் நிறுத்தத்துக்கு எதிரே கருப்பட்டி மிட்டாயும் காராச்சேவும் போட்டு விற்கிற மனுஷன். எண்ணெய்ப் பிசுக்கேறிய பனியனும் தோளில் ஒரு துண்டும்தான் அவருடைய அலங்காரம், மந்திரத்தையும் அவர் மலையேறிக் கற்றுக்கொள்ளவில்லை, வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் 'ஆறே பாடங்களில் மாந்திரீகம், தபால் மூலம்' என்று வந்த விளம்பரத்தைப் பார்த்துச் சேர்ந்து படித்தார். அதிலும் ஐந்து பாடம்தான் வந்தது. ஆறாவது பாடம் வருவதற்குள் அனுப்பிக்கொண்டிருந்தவர் எங்கே போனாரோ, இவர் போட்ட நாலு கடிதமும் 'அப்படி ஒருவர் இல்லை' என்று திரும்பி வந்துவிட்டன.

முதல் பாடத்தின் பலனாக அவர் கடைக்கு எறும்பு வராது, வாசல் வரை வந்து யோசித்துவிட்டு என் தையல் கடைக்கு வந்துவிடும். இரண்டாவது பாடத்தின் பலனாக எலுமிச்சம்பழம் தட்டில் தானாக அரைச்சுற்றுச் சுற்றும், முழுச்சுற்றுச் சுற்றாது. மூன்றும் நாலும் எதற்கென்று அவருக்கே மறந்துவிட்டது. ஐந்தாவது பாடம் கட்டுவது, வராமல் போன ஆறாவது பாடம் அவிழ்ப்பது. கட்டத் தெரிந்து அவிழ்க்கத் தெரியாத ஆளிடம் யாராவது கயிற்றைக் கொடுப்பார்களா என்று, நாளெல்லாம் முடிச்சுப் போட்டுப் பிரிக்கிற தையற்காரியான நான் கேட்கிறேன். என் பெயர் ஜெபராணி, பத்தொன்பது வருஷமாக அந்தக் கடைக்கு நேர் எதிரே தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருக்கிறேன், ஆகையால் நடந்த எல்லாவற்றுக்கும் நான் சாட்சி, பாதிக்கு நான் காரணமும்கூட.

எங்கள் பக்கத்தில் கிளம்புகிறவர் எவரும் 'போறேன்' என்று சொல்ல மாட்டார், அது உங்களுக்கும் தெரியும். பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் பம்பாய்க்குப் போனாலும் 'போய்ட்டு வாரேன்' என்றுதான் சொல்ல வேண்டும், அவசரத்தில் இருக்கிறவர்கள் போவதை விட்டுவிட்டு வெறும் 'வாரேன்' என்று சொல்லிவிட்டுப் போவார்கள். 'போறேன்' என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால், கேட்டவர்கள் காதைப் பொத்திக்கொண்டு, சொன்னவரைத் திரும்ப உட்காரவைத்து, ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவைத்து, ஒழுங்காகச் சொல்லச் சொல்லி அனுப்புவார்கள். அந்தச் சொல்லை யாரும் நம்பிச் சொல்வதில்லை, யாரும் நம்பிக் கேட்பதுமில்லை, எண்ணெய் தேய்த்தால் சீயக்காய் தேய்ப்பதுபோல அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

அப்படி நடந்துகொண்டிருந்தபோதுதான் ஆவணி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, எவர்சில்வர் பாத்திரம் விற்க வந்த தங்கமாரி, அண்ணாச்சி கடையில் ரெண்டு மிட்டாய் தின்று, 'வாரேன் அண்ணாச்சி' என்று சொல்லிவிட்டு, குடமும் வாளியும் தொங்குகிற வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய், ஓடைப்பாலம் தாண்டுவதற்குள் திரும்பி வந்து கடை முன்னால் நின்றார்.

"என்னவே, எதையாவது மறந்துட்டீரா?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"ஒண்ணும் மறக்கல. நேராத்தான் போனேன். இங்கதான் வந்து நிக்கேன்," என்றார் தங்கமாரி. வந்தவர் பசிக்கிறது என்று இன்னும் ரெண்டு மிட்டாய் தின்றார், மறுபடியும் 'வாரேன்' என்றார், மறுபடியும் வந்தார். பொழுது சாய்வதற்குள் ஆறு தடவை வந்தார், பிறகு வண்டியைப் புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு அங்கேயே ஒரு பாத்திரக்கடை போட்டுவிட்டார்.

அடுத்த நாள் முதல் எல்லோருக்கும் அப்படித்தான் ஆனது. மிட்டாய் தின்ற வாயால் 'போய்ட்டு வாரேன்' என்று சொன்ன அத்தனை பேரும் வந்தார்கள். யாரும் பறந்து வரவில்லை, மறைந்து தோன்றவில்லை, டவுனில் இறங்கி அடுத்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, லேசாகக் கண் அசந்து எழுந்து பார்த்தால் கண்டக்டர் 'நாலுவாசல்குளம் இறங்கு' என்று கத்திக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். 'வாரேன்' என்று மட்டும் சொன்னவர்கள் டவுன் வரைக்கும்கூடப் போகவில்லை, பாலத்திலேயே திரும்பிவிட்டார்கள். அப்படியானால் எதையும் சொல்லாமல் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சண்டை போட்டவன்தானே ஐயா சொல்லாமல் போவான்? மளிகைக்கடைக்கு விருந்தாளியாக வந்த ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஊர் எல்லை வரைக்கும் ஒரு சொல் பேசாமல் போய், எல்லையில் நிற்கிற சுடலைமாடனைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு 'வாரேன் சாமி' என்று சொல்லித் தொலைத்தார்.

ஊர் எத்தனை நாளைக்கு ஆச்சரியப்படும்? ரெண்டு நாள் பட்டது, மூன்றாம் நாள் சலித்துக்கொண்டது, நாலாம் நாள் பழகிவிட்டது. மறுவீட்டுக்குப் போன கல்யாணப் பெண் சம்பந்தி வீட்டார் இருபத்தேழு பேரோடும் ஐந்து முறை திரும்பி வந்ததில், அவள் அம்மா 'வாங்க வாங்க' என்று சிரிப்பதை விட்டுவிட்டு 'வந்தாச்சா' என்று கேட்டுவிட்டு உலையில் அரிசியைப் போட்டாள். ஒருநாள் வேலையாக வந்த கணக்கு வாத்தியார் போக முடியாமல் தங்கியதில், எங்கள் பள்ளிக்கூடத்தில் முதன்முறையாகக் கணக்குப் புத்தகம் கடைசிப் பக்கம் வரைக்கும் நடத்தப்பட்டது. தண்ணீர்த்தொட்டியைத் திறந்துவைக்க வந்த எம்.எல்.ஏ. மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, எல்லா ஊரிலும் சொல்வதுபோல, 'மறுபடியும் வருவேன்' என்று மைக்கில் சொல்லிவிட்டார், பாவம், ஒன்பது நாள் தொடர்ந்து வந்தார், ஒன்பதாம் நாள் பள்ளத்தில் இறங்கி ஏறிய இடுப்புவலியில் எரிந்து விழுந்து ரோடு போடச் சொன்னார். சாகக் கிடக்கிறவர்கள் வாயில் பால் மட்டும்தான் ஊற்ற வேண்டும், கருப்பட்டி மிட்டாயைக் கரைத்து ஊற்றக் கூடாது என்று பஞ்சாயத்தில் தீர்மானமே போட்டார்கள், ஏனென்றால் மேலத்தெருவில் ஒரு பெரியவர் நாக்கில் மிட்டாயை வைத்துக்கொண்டு 'வாரேன்' என்று சொல்ல வாயெடுத்ததைப் பார்த்து, அவருடைய நாலு பிள்ளைகளும் பாய்ந்துபோய் அவர் வாயைப் பொத்தினார்களாம்.

ஒரு மாதம் இப்படிப் போனது. அண்ணாச்சியிடம் கேட்டால், "கட்டு போட்டேன், வாடிக்கை பெருகட்டும்னு. அவுக்கத்தான் பாடம் வரலையே," என்று பாகைக் கிண்டிக்கொண்டே சொல்வார், தலையை நிமிர்த்த மாட்டார். பாகு கிண்டும்போது உலகமே இடிந்தாலும் அவர் நிமிர மாட்டார். பாகு ஒரு கம்பிப் பதத்துக்கு வருகிற நேரத்தில் கண்ணை எடுத்தால் பதம் தப்பிவிடும், பதம் தப்பினால் மிட்டாய் கல்லாகிவிடும், முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூட எனக்குப் பதம் தப்பியதில்லை என்று பெருமை வேறு. வாடிக்கை பெருக என்று அவர் சொன்னதை நானும் நம்பினேன், எனக்கு எப்போதும் புத்தி கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

அண்ணாச்சிக்கு ஒரே மகள், உலகம்மாள், உலகு என்று கூப்பிடுவோம். இருபத்திரண்டு வயது, என்ஜினைப் பற்றி என்ன கேட்டாலும் சொல்வாள், ரெண்டு வருஷம் என் கடை மூலையில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்து ரயில்வேயில் உதவி ஓட்டுநர் வேலை வாங்கிவிட்டாள். ஆர்டர் ஆவணி முதல் வாரத்தில் வந்தது. நாக்பூர் பக்கத்தில் ஓர் ஊரில் செப்டம்பர் இருபத்திரண்டாம் தேதி திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் போய் நிற்க வேண்டும், நிற்காவிட்டால் வேலை அடுத்தவருக்குப் போய்விடும் என்று அதில் தெளிவாகப் போட்டிருந்தது. அதற்குச் சனிக்கிழமை ரயிலைப் பிடித்தாக வேண்டும். முன்னாலேயே போய்விடலாம் என்று புதன்கிழமை பெட்டியோடு கிளம்பினாள், 'போய்ட்டு வாரேன்ப்பா' என்றாள், நாலு மணி பஸ்ஸில் பெட்டியோடு வந்து இறங்கினாள். வியாழக்கிழமை மிட்டாயைத் தொடாமல் கிளம்பினாள், ஆனால் பால்பல் முளைத்த நாளிலிருந்து தின்ற மிட்டாய் உடம்பில் இல்லையா, 'போய்ட்டு வாரேன்' என்று வழக்கம்போல வந்துவிட்டது, ரெண்டரை மணி பஸ்ஸில் அவளும் வந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை துப்பட்டாவால் வாயைக் கட்டிக்கொண்டு, அப்பாவிடம் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, பஸ் படியில் காலை வைத்துவிட்டாள். அப்போது நான், எந்தச் சனியன் என் நாக்கில் உட்கார்ந்திருந்ததோ, மிஷினை விட்டு எழுந்து வந்து, "என்ன உலகு, கெளம்பியாச்சா?" என்று கேட்டேன்.

அவள் துப்பட்டாவை இறக்கிவிட்டு, "ஆமா சித்தி, போய்ட்டு வாரேன்," என்றாள். சொன்ன மறுநொடியே ரெண்டு பேரும் தலையில் அடித்துக்கொண்டோம். நாலு மணிக்கு வந்து இறங்கியவள் பெட்டியை என் கடையில் போட்டுவிட்டு, "நாளைக்கும் இப்படி ஆச்சுன்னா என் வேல போச்சு சித்தி," என்று என் கட்டிங் டேபிளில் தலையைச் சாய்த்து அழுதாள். நானும் சேர்ந்து அழுதேன், எனக்கு என்மேலேயே வந்த கோபத்தை வேறு எப்படிக் காட்டுவது?

கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேலையையாவது பார்ப்போம் என்று டேப்பைத் தேடினேன். டேப் இல்லை. போர்வெல் வண்டியோடு பீகாரிலிருந்து வந்திருந்த பிர்ஜு, பைப்பை அளக்க வேண்டும் என்று வாங்கிக்கொண்டு போனவன் திருப்பித் தரவே இல்லை. அவன் போய் ஒன்பது நாள் ஆகிறது, படுபாவி இன்னும் வரவில்லை என்று திட்ட வாயெடுத்த நான் அப்படியே நின்றுவிட்டேன். வரவில்லை! ஊரில் அத்தனை பேரும் வந்துகொண்டிருக்க, அவன் மட்டும் எப்படி வராமல் இருக்கிறான்? அவனும் ஒரு பொட்டலம் மிட்டாய் தின்றுவிட்டுத்தானே லாரியில் ஏறினான்? ஏறும்போது, லாரி டிரைவரிடம் ரெண்டு மாதமாகக் கற்றுக்கொண்ட தமிழில், எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டு, 'அண்ணே, நான் போறேன்' என்றானே! நாங்கள் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு, ஐயோ புள்ளைக்குப் பேசத் தெரியவில்லையே என்று உச்சுக்கொட்டினோமே! கட்டு மிட்டாயில் பாதிதான் இருந்தது, மீதி எங்கள் வாயில் இருந்தது. ஒரு மாதமாக ஊரே தவித்துக்கொண்டிருந்தது, ஒரு சொல்லை மாற்றிச் சொல்லிப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

நேராக ரோட்டைத் தாண்டிப் போய், "அண்ணாச்சி, போறேன்னு சொன்னா போயிரலாம். பாடமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்," என்றேன்.

அவர் கல்லில் விழுந்த ஒரு துளிப் பாகை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே, "தெரியும்," என்றார்.

"தெரியுமா?"

"அவுக்குற வார்த்த எனக்குத் தெரியாதா? பன்னெண்டு வருசத்துக்கு முன்னால இந்தக் காதுல விழுந்ததுதான அது."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், தீபாவளிக்கு ரெண்டு நாள் இருக்கும்போது, அவர் மனைவி வெள்ளத்தாய்க்கு வயிற்றுவலி வந்து, வேனில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நான்தான் பையைத் தூக்கிக்கொண்டு நின்றேன், பத்து வயசு உலகு அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணாச்சி பாகு கிண்டிக்கொண்டிருந்தார். 'இந்தா, போய்ட்டு வாரேன்' என்று வெள்ளத்தாய் ரெண்டு தடவை சொன்னாள், அவர் 'பதத்துக்கு வருது, ஒரு நிமிசம் இரு' என்றார், திரும்பவில்லை. மூன்றாம் தடவை அவளுக்கு எரிச்சல் வந்து 'சரி, நான் போறேன்' என்றாள். போனவள் திரும்பி வரவில்லை.

"வாடிக்கைக்காகப் போடல," என்றார் அண்ணாச்சி. "மொதல்ல இவ தின்னுற மிட்டாய்க்கு மட்டுந்தான் தனியா ஓதுனேன். ஆர்டர் வந்ததும் பயந்துபோயி பெரிய சட்டியிலயே ஓதிட்டேன். ஊர் பூராவும் மாட்டிக்கிடும்னு எனக்கென்ன தெரியும்? ஆனா சொல்லிப்புட்டேன் ஜெபா, அந்தச் சொல்ல எம்புள்ள சொல்லப்படாது."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கரண்டியைப் பிடுங்கி அவர் தலையிலேயே போட்டிருப்பேன். "சொல்லலைன்னா இங்கயே கெடந்து சாவட்டுமா?" என்று கேட்டேன், அவர் பாகைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் என் கடைக்குத் திரும்பி உலகுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே பெட்டிப் பூட்டைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். "அம்மா அத சொல்லும்போது நான் பக்கத்துலதான நின்னேன்," என்றாள் கடைசியில்.

சனிக்கிழமை பதினொன்றே முக்கால் பஸ் வந்து நின்றபோது ஊர் மொத்தமும், ஊரை விட்டுப் போக முடியாத வெளியூர் மொத்தமும் பஸ் நிறுத்தத்தில் கூடியிருந்தது. தங்கமாரி ஒரு குடத்தைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். உலகு பெட்டியைப் படியில் வைத்துவிட்டு, இறங்கி, ரோட்டைத் தாண்டி, கடை முன்னால் போய் நின்றாள். அண்ணாச்சி அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாகு கிண்டிக்கொண்டிருந்தார், என்றைக்கும் சாயங்காலம் அடுப்புப் பற்றவைக்கிறவர் அன்றைக்குக் காலையிலேயே பற்றவைத்திருந்தார்.

"யப்பா."

"பாகு பதத்துக்கு வருது."

"திரும்பிப் பாருங்கப்பா. பாத்தாத்தான் சொல்லுவேன்."

"நீ சொல்லவே வேண்டாம்."

"ஏட்டி, வாரியா இல்லையா? வண்டி எடுக்கணும்," என்று கண்டக்டர் கத்தினார், ஊரே சேர்ந்து அவரை 'சும்மா இரும்வே' என்று அதட்டியது. கருப்பட்டிப் பாகு நுரைத்துப் பொங்கியது, நுரை அடங்கியது, அடங்கிய பாகில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் எழுந்தன, இதுதான் அந்தப் பதம், இந்த நிமிஷம்தான், தையற்காரி எனக்கே தெரியும். உலகு நின்றுகொண்டே இருந்தாள். டிரைவர் ஹாரனை அழுத்தினார். கரண்டி ஒரு சுற்றுச் சுற்றியது, இன்னொரு சுற்றுச் சுற்றியது, பிறகு பாகுக்குள்ளேயே நின்றுவிட்டது, அண்ணாச்சி கையை எடுத்துவிட்டுத் திரும்பினார். அவர் முகத்தை அப்படி முழுசாக நான் பார்த்துப் பல வருஷம் ஆகிறது, மனுஷனுக்கு இவ்வளவு வயசாகிவிட்டதா என்று இருந்தது.

உலகு அவர் கண்ணைப் பார்த்து, "போறேன்ப்பா," என்றாள்.

நாங்கள் அத்தனை பேரும் காதைப் பொத்திக்கொண்டோம். அவர் பொத்தவில்லை. சட்டியிலிருந்து புகை கிளம்பியது, அடி பிடிக்கிற வாடை வந்தது, அவர் அதை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. தன் மிட்டாயில் ஒரு துணுக்கைக்கூடத் தின்றறியாத, எந்த மந்திரமும் ஏறாத வாயால், "போய்ட்டு வாம்மா," என்றார். உலகு பஸ்ஸில் ஏறினாள், பஸ் போனது.

ரெண்டரை மணி பஸ் வந்தது, அவள் அதில் இல்லை. நாலு மணி பஸ் வந்தது, இல்லை. ஆறு மணி பஸ்ஸில் எட்டிப் பார்த்து அண்ணாச்சி, "யாரும் எறங்கலையா?" என்று கேட்டார். "ஒருத்தரும் எறங்கல," என்றார் கண்டக்டர். "நல்லது," என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி கடைக்குள் போய், கருகிய சட்டியின் முன்னால் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். நான் போய் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்துவிட்டு வந்தேன்.

ஓதிய பாகெல்லாம் அந்தச் சட்டியோடு கருகிவிட்டது, தின்றவர்கள் உடம்பில் இருந்த கட்டும் அதோடு விட்டுப்போனது. அவர் புதுச் சட்டி வாங்கினார், தங்கமாரியிடம்தான் வாங்கினார், புதுப் பாகில் எதையும் ஓதவில்லை. மாட்டிக்கொண்டிருந்த வெளியூர்க்காரர்கள் ஒவ்வொருவராக 'வாரேன்' என்று சொல்லிவிட்டு, நல்லபடியாக வராமல் போனார்கள். கணக்கு வாத்தியாரும் போய்விட்டார். இப்போது மிட்டாயில் பழைய ருசி இல்லை என்று ஊரில் குறை சொல்கிறார்கள், குறை சொல்வதற்கு இந்த ஊருக்குச் சொல்லித்தர வேண்டுமா?

பதினோராம் நாள் மத்தியானம் என் செல்போனில் உலகு கூப்பிட்டாள். அண்ணாச்சி கையில் மாவோடு ரோட்டைத் தாண்டி ஓடி வந்தார். நான் ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிங் டேபிளில் வைத்தேன். சாப்பாட்டில் எல்லாம் கிழங்காகப் போடுகிறார்கள் என்றாள், என்ஜினுக்குள் முதன்முதலாக ஏறிய கதையைச் சொன்னாள், பின்னால் எங்கேயோ ஒரு ரயில் கூவிக்கொண்டு போனது. அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார், பாகைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"பொங்கலுக்கு லீவு கேட்டிருக்கேன்," என்றாள் உலகு. "வாரேன்ப்பா."

எங்கள் ஊர் ரோட்டில் நின்று பாதியைச் சொல்லிவிட்டுப் போன பெண், மீதிப் பாதியை அங்கே இருந்து சொல்கிறாள் என்று நான் கண்ணைத் துடைக்கத் துணி தேடினேன். இந்த மனுஷன் மாவுக் கையைப் பனியனில் துடைத்துக்கொண்டு, போனுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய், "எந்த பஸ்லம்மா?" என்று கேட்டார்.